அரசரும் முசுக்கட்டை மரமும்

என் வீட்டுக் கொல்லையில் கிணற்றை ஒட்டி ஒரு முசுக்கட்டை மரம் நிற்கிறது. மல்பெரி என்றால் உங்களில் பலருக்கு எளிதில் விளங்கும். பட்டுப் பூச்சிக்கு இலை பறிக்கும் தோட்டங்களில் இதனை அடிக்கடி வெட்டிச் செடியாகவே வைத்திருப்பார்கள். வெட்டாமல் விட்டால் இது மரமாகிப் பழம் உதிர்க்கும். காய் பச்சையாகவும், பிறகு சிவந்தும், இறுதியில் ஏறக்குறையக் கறுத்தும் தோன்றும். தெருப் பிள்ளைகள் சட்டை முழுதும் கறையோடு திரும்புவதால், அவர்களுடைய தாய்மார்கள் என்மீது குறைபட்டுக்கொள்வதும் உண்டு.

இம்மரத்தின் நிழலில் அமரும்போதெல்லாம் வரலாற்று வகுப்பில் நான் செய்த ஒரு பிழை நினைவுக்கு வருகிறது. அதனை இன்று உங்களிடம் சொல்லிவிட எண்ணுகிறேன்.

இங்கிலாந்தின் அரசர் முதலாம் ஜேம்ஸ், தம் நாட்டிலேயே பட்டு விளையவேண்டும் என்று ஆசைகொண்டார். அண்டை நாடாகிய பிரான்சில் நான்காம் ஹென்றி, ஒலிவியே த செர் என்னும் வேளாண்மை அறிஞரின் சொல் கேட்டுத் தம் அரண்மனைத் தோட்டத்திலேயே ஆயிரக்கணக்கில் முசுக்கட்டை நட்டிருந்தார். அவ்வறிஞரின் பட்டு நூல் 1607-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1609-ஆம் ஆண்டையொட்டி ஜேம்ஸ் அரசர் மாவட்டந்தோறும் மடல் விடுத்தார். ஒவ்வொரு மாவட்டத்திற்கும் பதினாயிரம் செடி வரும். நூறு செடி ஆறு ஷில்லிங் விலைக்குப் பெற்று நிலமுடையோர் நடவேண்டும் என்பது ஆணை. இன்று பக்கிங்ஹாம் அரண்மனை இருக்கும் இடத்தருகே நான்கு ஏக்கரில் அரசரே ஒரு தோட்டம் போட்டார். அதற்கு 935 பவுன் செலவாயிற்று. பட்டோ, பேர் சொல்லும் அளவுக்குக் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? ஆண்டுதோறும் வகுப்பில் நான் கூறிவந்த விடை இது: "பட்டுப் பூச்சி தின்பது சீனத்து வெள்ளை முசுக்கட்டையின் இலையை. அரசர் நட்டதோ பாரசீகப் பக்கத்துக் கறுப்பு முசுக்கட்டை. மரம் மாறிப்போயிற்று, திட்டம் கெட்டது." பிள்ளைகள் சிரிப்பார்கள். அரசர் ஒருவர் ஏமாந்த கதை என்றால் சிரிப்பு வருவது இயல்புதானே! ஒரு முறை பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, கறுப்பு மரத்தின் இலையைப் பூச்சி தின்னவே தின்னாதா?" என்று கேட்டார். பாடம் முடிக்கவேண்டிய அவசரம் எனக்கு. "உட்கார்" என்றேன். அவரும் உட்கார்ந்தார்.

ஓய்வு பெற்றபின், கொல்லை மரத்தைப் பற்றி அறியும் ஆவலில் படிக்கத் தொடங்கியபோதுதான் அந்த மாணவருக்கு விடை கிடைத்தது. தின்னும். சுமார் 552-ஆம் ஆண்டில் துறவியர் சிலர் பட்டுப் பூச்சியின் முட்டைகளைக் கீழ்த்திசையிலிருந்து ஜஸ்டினியன் பேரரசரிடம் கொண்டுவந்து சேர்த்தனர். அதன்பின் நெடுங்காலம் மத்தியதரைக் கடல் நாடுகளில் பூச்சிக்கு உணவானது கறுப்பு முசுக்கட்டையே. இத்தாலியில் வெள்ளை மரம் பரவியது பதினைந்தாம் நூற்றாண்டில்தான். கறுப்பு மரத்தின் இலையால் வரும் நூல் சற்று முரடு, அவ்வளவே. ஆகவே, மரம் மாறியது ஒன்றே காரணம் என்று சொன்னது என் சோம்பல்.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்கவேண்டும். அக்காலத்து மரம் என்று இன்று காட்டப்படுபவை கறுப்பு மரங்கள். எஞ்சி நிற்பவை கறுப்பு என்பதால் நட்டவை யாவும் கறுப்பே என்று முடிவு கட்டலாமா? நானூறு ஆண்டு தாங்காதவை எவையென்று நிற்பவை நமக்குச் சொல்லமாட்டா. சான்றாக நிற்பதை மட்டும் எண்ணி, நில்லாது போனதை மறப்பது வரலாறு படிப்போர்க்கு எளிதில் நேரும் வழுக்கல்.

பட்டு வளர்ப்பின் நடைமுறையைக் கவனித்தால் தோல்வியின் வேர் தெரியும். பூச்சி ஏறக்குறைய ஒரு திங்கள் ஓயாமல் தின்னும். நாளொன்றுக்குப் பலமுறை புது இலை பறித்துப் போடவேண்டும். இடம் கதகதப்பாக இருக்கவேண்டும். இங்கிலாந்தின் இளவேனிலோ குளிரும் ஈரமும் மிக்கது. கறுப்பு முசுக்கட்டையோ குளிர் முற்றும் நீங்கியபின் தளிர்க்கும் மரம். அதனாலன்றோ ரோமானியராகிய பிளினி அதனை மரங்களுள் அறிவு மிக்கது என்று பாராட்டினார்! பனியிலிருந்து மரத்தைக் காக்கும் அதே அறிவு, முன்னதாகப் பொரித்துவிட்ட புழுவைப் பட்டினி போடும்.

அமெரிக்காவின் வர்ஜீனியாக் குடியேற்றத்திலும் இதே முயற்சி நடந்தது. ஒவ்வொருவரும் ஏழாண்டுக்கு ஆண்டுதோறும் ஆறு முசுக்கட்டையேனும் நட்டு வளர்க்கவேண்டும் என்று 1619-இல் அங்குக் கூடிய அவை சட்டம் செய்தது. அங்கே சிவப்பு முசுக்கட்டை காட்டிலேயே வளர்கிறது, வெயிலுக்கும் குறைவில்லை. ஆயினும் குடியேறியோர் புகையிலையை நட்டனர். கைமேல் காசு தருவது அதுவே. எந்த நிறத்து மரத்தை நட்டிருந்தாலும் இந்தக் கணக்கு மாறியிராது.

அரசரின் தோட்டம் என்ன ஆயிற்று? சில பத்தாண்டுகளில் அது இலண்டன் மக்கள் உலாவச் செல்லும் இடமாயிற்று. பெப்பீஸ் என்னும் நாட்குறிப்பாளர் 1668-இல் அங்குச் சென்றிருக்கிறார்.

பட்டு போயிற்று, பழம் நின்றது. உண்மையில் பழம் புதிதன்று. ரோமானியர் காலத்து இலண்டன் மண்ணிலேயே முசுக்கட்டை விதைகள் அகப்பட்டுள்ளன. அரசாணையால் வந்த செடிகளோ கல்லூரி முற்றங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் பழத்துக்காகவே பேணப்பட்டன. கேம்பிரிட்ஜில் கிறிஸ்து கல்லூரியில் மில்டன் மரம் என்று ஒரு கறுப்பு முசுக்கட்டை உண்டு. மில்டனே நட்டார் என்று சொல்வோரும் உளர். அவர் பிறந்தது 1608 டிசம்பரில். மரம் நட்டது 1609-இல். கல்லூரியில் அவர் சேர்ந்தது 1625-இல். தொட்டிலில் கிடந்த குழந்தை மரம் நடுமா? அக்கல்லூரியின் பழைய கணக்கில் முந்நூறு முசுக்கட்டைக்குப் பதினெட்டு ஷில்லிங் என்று பதிவாகியுள்ளது. நூற்றுக்கு ஆறு வீதம் கணக்கிட்டுப் பாருங்கள். அரசரின் விலையோடு அப்படியே பொருந்தும். கதையைவிட இந்தக் கணக்கு எனக்கு மிகவும் இனிக்கிறது. அம்மரம் இப்போது முட்டுக் கொடுக்கப்பட்டு, அடியில் மண் அணைக்கப்பட்டுச் சாய்ந்து நிற்கிறது, பழமும் தருகிறது.

ஸ்ட்ராட்போர்டில் சேக்சுபியர் வீட்டு முசுக்கட்டைக்கு அந்தப் பேறு இல்லை. மரத்தைக் காண வந்தோரின் தொல்லை பொறாமல், அவ்வீட்டை வாங்கியிருந்த பாதிரியார் 1756-இல் அதனை வெட்டிவிட்டார். கடிகாரம் செய்வோர் ஒருவர் மரத்தை வாங்கிப் பெட்டியும் பேழையுமாகச் செய்து விற்றார். ஒரு மரத்தில் இத்தனை பெட்டியா என்று ஊர் ஐயுறும் அளவுக்கு விற்பனை நடந்தது.

நம் ஊரில் முசுக்கட்டை வளர்க்க அரசாணை தேவையில்லை. நம் நாட்டு வகையில் பென்சில் கனமுள்ள, முதிர்ந்த குச்சியில் மூன்று நான்கு கணு இருக்குமாறு நறுக்கி, மழைக்காலத்தில் இரண்டு கணு மண்ணுள் போகும்படி ஊன்றினால் வேர்விடும். பழம் உண்ணும் எண்ணம் இருந்தால் மரத்தைச் சுவருக்குச் சற்று எட்டவே வையுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் அந்தக் கறை போகவே போகாது.

பின்வரிசையில் அமர்ந்திருந்த அம்மாணவர் இப்போது எங்கிருக்கிறாரோ, அறியேன். என் கொல்லையில் அவருக்கென்று ஒரு குச்சி ஊன்றி வைத்திருக்கிறேன். இரண்டு இலை விட்டிருக்கிறது.