பட்டிழையில் ஊழிக்காலம்

காலத்தைப் பாடாத புலவர் இல்லை. ஊழி என்னும் சொல் சங்ககாலந்தொட்டே நம் மொழியில் வழங்கி வருகிறது. பரிபாடலின் இரண்டாம் பாடலைப் பாடிய கீரந்தையார், வானும் வளியும் தீயும் நீரும் நிலமும் முறையே தோன்றிய ஊழிகளைச் சொல்லி, அவற்றை எண்ணுதற்கு நெய்தல், குவளை, ஆம்பல் என மலர்ப்பெயர் பூண்ட பேரெண்களைக் கையாளுகிறார். ஆயிரமும் இலட்சமும் போதாமற்போகும் ஓரிடம் உண்டென்பதை உணர்ந்த மரபு நம்முடையது.

ஆயினும், நிலவியற் காலத்தை மாணவர்க்குக் கற்பிப்பது இன்றும் எளிதாக இல்லை. புவியின் அகவை ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்று அவர்கள் மனப்பாடம் செய்கின்றனர். தேர்விலும் பிழையின்றி எழுதுகின்றனர். அதையே 45 கோடி என்று மாற்றிச் சொன்னால், எண் பிழை என்பார்களேயன்றி, உலக வரலாற்றில் பத்தில் ஒன்பது பங்கு பறிபோயிற்றே என்று திடுக்கிடமாட்டார்கள். எண் நாவில் நிற்கிறது. அளவு நெஞ்சில் ஏறவில்லை. இக்குறை தீரும் வழி, அவ்வெண் கண்டறியப்பட்ட வரலாற்றிலேயே இருக்கிறது. அவ்வரலாற்றில் ஒரு பகுதி தமிழ் மண்ணிலேயே நிகழ்ந்ததென்பது நமக்குப் பெருமை.

வரிசை முதலில்

1840களில் சென்னை மாகாணத்தில் அரசுப் பணியாற்றிய கே, கன்லிஃப் என்னும் இருவர், புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லாய்ச் சமைந்த சிப்பிகளையும் சுருள் ஓடுகளையும் திரட்டினர். அவற்றை ஆராய்ந்து 1846இல் அறிக்கை வெளியிட்ட எட்வர்டு ஃபோர்ப்ஸ், ஐரோப்பாவின் கிரெட்டேசியப் பாறைகளில் காணப்படும் கடலுயிர்களுக்கு இவை உறவுடையன எனக் காட்டினார். அடுத்து வந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு. தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டப் பாறைகளை அளந்து, கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக அவர் பகுத்தார். 1862இல் வெளிவந்த அவரது நூலால், நம் சிற்றூர்ப் பெயர்கள் உலக நிலவியலில் இடம்பெற்றன. அவ்வுயிர்களை வகை வகையாக விளக்கும் பெரும்பணியை ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா நிறைவேற்றினார்.

இங்கே நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. ஊட்டத்தூர்ப் பாறை அரியலூர்ப் பாறையினும் மூத்தது என்று பிளான்ஃபோர்டு அறிந்திருந்தார். அது எத்தனை ஆண்டு மூத்தது என்று அவர் அறியார். அந்நாளில் உலகில் எவரும் அறியார். அடுக்கி வைத்த புடவைகளில் அடியில் இருப்பதே முதலில் வைக்கப்பட்டது என்பதுபோன்ற எளிய விதியே அவருக்குத் துணை.

ஆண்டு பின்னர்

அதே 1862ஆம் ஆண்டில், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன், உருகிய கோளம் குளிர்வதைக் கணக்கிட்டுப் புவியின் அகவை 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடைப்பட்டது என்றார். பாறைகளைக் கண்டறிந்தோர்க்கு அக்காலம் போதவில்லை. 1896இல் கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே வழி பிறந்தது. யுரேனியம் மாறா வீதத்தில் சிதைந்து ஈயமாகிறது. ஆகவே ஒரு பாறையில் யுரேனியமும் ஈயமும் இருக்கும் விகிதம் அதன் அகவையைச் சொல்லிவிடும். 1956இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் ஈயத்தை அளந்து 455 கோடி ஆண்டுகள் என நிறுவினார்.

ஆக, அறிஞர் உலகம் வரிசையை முதலிற் கற்றது. ஆண்டினைப் பின்னர்க் கற்றது. நாமோ வகுப்பறையில் இம்முறையைத் தலைகீழாக்கி, ஆண்டினை முதலிற் கொடுத்து வரிசையை மறந்துவிடுகிறோம். பாவு ஓட்டாத தறியில் ஊடை எங்ஙனம் நிற்கும்?

ஒரு கூட்டின் இழை

வரிசை தெளிந்த மாணவர்க்கு ஓர் அளவுகோல் வேண்டும். ஆரணியில் அதைத் தேடி அலைய வேண்டுவதில்லை. ஒரு நல்ல பட்டுக்கூட்டிலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் நீளமுள்ள இழை அறுபடாமல் வரும். 908 மீட்டர் எனக் கொண்டால், ஒரு மில்லிமீட்டர் 5,000 ஆண்டுகளுக்கும் ஒரு மீட்டர் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் ஈடாகும். முழு இழையும் புவியின் அகவையாகும். பட்டிழை கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. ஆதலின் அதே நீளத்துக்குப் பருத்தி நூலைக் கமண்டல நாகநதிக் கரையில் நீட்டி, ஒரு முனையை இன்று எனக் கொண்டு பின்னோக்கி நடக்கச் செய்யலாம்.

முதல் அரை மில்லிமீட்டருக்குள் சங்ககாலம் முடிந்துவிடும். 30 சென்டிமீட்டரில் அத்திரம்பாக்கம். பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று முதற் கற்கருவியைக் கண்ட இராபர்ட் புரூஸ் ஃபுட், அதே ஆண்டில் கற்கருவிகள் கண்ட மற்றோர் இடம் அது. அங்குள்ள கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையன எனச் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் அறிவித்தனர். நான்கு மீட்டரில் திருவக்கரை. வக்கிரகாளி கோயிலால் நாம் அறிந்த அவ்வூரின் கல்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையன. 13 மீட்டரிலிருந்து 22 மீட்டர் வரை, அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளைக் கடல் மூடியிருந்த காலம். பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் அடிமரம் அக்கடலின் சான்று. அணையால் பெயர்பெற்ற நம் மாவட்டச் சாத்தனூர் வேறு. அம்மரத்தை 1940இல் அறிவித்தவர், பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் முதல் இந்திய இயக்குநரான தமிழர் மா. சீ. கிருஷ்ணன்.

108 மீட்டரில், கடலில் விலங்கினங்கள் பல்கிப் பெருகத் தொடங்குகின்றன. அதன்பின் மாணவர் நெடுந்தொலைவு வாளா நடக்க வேண்டும். 500ஆம் மீட்டரில்தான் நம் சவ்வாது மலையின் கல் எதிர்ப்படும். சார்னகைட் என்னும் அக்கல்வகை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பாரின் கல்லறையில் பதித்த கல்லை ஆராய்ந்து தாமஸ் ஹாலந்து 1893இல் அப்பெயரைச் சூட்டினார், அக்கல் பல்லாவரத்தது. ஆரணியிலிருந்து மேற்கே நோக்கினால் தெரியும் மலைக்கும் முற்பட்ட காலமாக, இன்னும் 408 மீட்டர் நூல் எஞ்சியிருக்கும். அவ்விடத்தில் மாணவர் பெறும் களைப்பே பாடம்.

கவிஞர்க்கு ஒரு சொல்

ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில், கல்லும் மண்ணும் தோன்றிய முறையைச் சுட்டித் தொன்மை பேசும் வெண்பா ஒன்று உண்டு. கரந்தைப் படலத்தில், குடிநிலை என்னும் துறைக்கு எடுத்துக்காட்டாக நிற்பது அது. ஒரு மறக்குடியின் பழமையை உயர்த்திக் கூறும் அப்புலமை போற்றத்தக்கதே. மேடைகளில் அதை நிலவியற் சான்றாக நாட்டி, மண்ணுக்கு முன்னரே தமிழர் பிறந்தனர் என முழங்குவதுதான் தகாது. நூலைப் பிடித்து நடந்த மாணவன் அம்முழக்கத்தைக் கேட்டு நகைப்பான். நகைப்பவன் கவிதையையும் ஐயுறுவான். உயர்வு நவிற்சியை உயர்வு நவிற்சியாகக் கற்பித்தால் கவிதையும் பிழைக்கும், அறிவும் பிழைக்கும்.

இந்த அளவால் தமிழின் தொன்மை சிறுத்துவிடாது. மனிதர் எழுதிவைத்த சொற்கள் அனைத்துமே அந்நூலின் இறுதியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் அடங்கும். அதில் ஏறத்தாழப் பாதி நீளத்துக்கு அறுபடாது ஓடிவரும் மொழி நம்முடையது. இப்பெருமைக்கு மிகை வேண்டுவதில்லை.

இவ்வளவில் நூறாண்டு நிறைவாழ்வு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அது ஏறத்தாழப் பட்டிழையின் தடிமனே. நம் வட்டத்தின் பத்தாண்டு அத்தடிமனிலும் பத்தில் ஒன்று. எனினும், இத்தனை நீள இழையை அளந்து பார்க்கும் அறிவு தோன்றியது இந்தக் கடைசி நுனியில்தான். அந்நுனியில் நிற்கும் பிள்ளைகளின் கையில் நூலின் மறுமுனையையும் கொடுப்பது ஆசிரியர்க்கும் கவிஞர்க்கும் பொதுவான கடன்.