தணிக்கையும் நல்கையும்: அமெரிக்கக் கலைநிதிச் சட்டத்தின் ஒரு தொடர்

1. முன்னுரை

தமிழில் ‘தணிக்கை’ என்னும் சொல் இரு துறைகளில் வழங்குகிறது. கணக்குகளைச் சரிபார்த்தல் கணக்குத் தணிக்கை எனப்படும். திரைப்படத்தை வெளியிடுமுன் ஆராய்ந்து நீக்குவன நீக்குதல் திரைப்படத் தணிக்கை எனப்படும். பொதுப்பணம் முறையாகச் செலவாகிறதா என்று பார்ப்பது முன்னது. கருத்து வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்துவது பின்னது. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. எனினும், இவ்விரு செயல்களையும் பிரித்தறிவது அம்மொழி வழங்கும் நாட்டிலும் எளிதாக இருக்கவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1989 முதல் 1998 வரை நடைபெற்ற கலைநிதி விவாதம் இதற்குச் சான்றாகும். தாம் வரிப்பணத்திற்குக் கணக்குக் கேட்பதாக அரசியலார் கூறினர். தம் வாய் அடைக்கப்படுவதாகக் கலைஞர் கூறினர். இறுதியில் அவ்விவாதம் ஒரு சட்டத் தொடரின் பொருளைப் பற்றியதாகக் குறுகியது. அத்தொடரின் வரலாற்றைக் கூறி, அதைத் தமிழாக்க முற்படுவோர் சந்திக்கும் சிக்கல்கள் அவ்வழக்கின் மையச் சிக்கல்களே என்று காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. நிதியமும் அதன் நடைமுறையும்

அமெரிக்கத் தேசியக் கலை நிதியம் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் 1965 செப்டம்பர் 29 அன்று கையொப்பமிட்ட சட்டத்தால் தோன்றியது. நல்கை பெறும் அமைப்புகளின் கொள்கையையோ நிருவாகத்தையோ நடுவணரசு இயக்கலாகாது என்னும் விதி அச்சட்டத்திலேயே இடம்பெற்றது. விண்ணப்பங்களைத் துறை வல்லுநர் குழுக்கள் ஆராயும். தேசியக் கலை மன்றம் அவற்றின் பரிந்துரைகளைக் கருதும். முடிவெடுக்கும் அதிகாரம் தலைவருடையது. 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, அதுவரை நிதியம் வழங்கிய ஏறத்தாழ 1,00,000 நல்கைகளுள் முறையான புகாருக்கு உள்ளானவை மிகச் சிலவே. அச்சிலவற்றுள் இரண்டே இவ்வரலாற்றின் தொடக்கம்.

3. 1989ஆம் ஆண்டுப் பூசல்

முதலாவது, ஆண்ட்ரெஸ் செரானோவின் 1987ஆம் ஆண்டு ஒளிப்படம். சிறுநீரில் அமிழ்ந்த சிலுவையுருவைக் காட்டும் அப்படத்தின் கலைஞருக்கு, நிதியத்தின் உதவி பெற்ற வட கரோலினாக் கலை நிறுவனம் ஒன்று 15,000 டாலர் அளித்திருந்தது. 1989 மே 18 அன்று செனட் உறுப்பினர் அல்ஃபோன்ஸ் டமாட்டோ அப்படம் அச்சிடப்பட்ட நூற்பட்டியை அவையிலேயே கிழித்தெறிந்தார். வட கரோலினாவின் செனட் உறுப்பினர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் அவருடன் சேர்ந்து கண்டித்தார். இரண்டாவது, அவ்வாண்டு மார்ச்சில் மறைந்த ராபர்ட் மேப்பிள்தார்ப்பின் ஒளிப்படக் கண்காட்சி. பாலியல் சார்ந்த சில படங்களைக் கொண்டிருந்த அக்கண்காட்சிக்கு 30,000 டாலர் நல்கை கிடைத்திருந்தது. வாஷிங்டனில் அதை நடத்தவிருந்த கார்கரன் காட்சிக்கூடம், காங்கிரசின் சினத்திற்கு அஞ்சி, ஜூன் மாதத்தில் அதைக் கைவிட்டது. அப்போது எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை என்பது கருதத்தக்கது.

காங்கிரசு நிதியத்தின் ஒதுக்கீட்டில் 45,000 டாலரைக் குறைத்தது. இது மேற்கூறிய இரு தொகைகளின் கூட்டு. வரவுசெலவுத் திட்டத்தில் இத்தொகை அற்பம். ஆனால் அவ்வெண் ஒரு கண்டனத் தீர்மானத்தின் வேலையைச் செய்தது.

4. தடைவினையிலிருந்து எச்சவினைக்கு

ஹெல்ம்ஸ் கொணர்ந்த திருத்தம் ஆபாசமானவற்றையும் அநாகரிகமானவற்றையும், சமயங்களை இழிவுபடுத்துவனவற்றையும், இனம், பால், வயது முதலியவற்றின் பேரில் மக்களைப் பழிப்பனவற்றையும் நிதியுதவியிலிருந்து விலக்கியது. இரு அவைகளின் கூட்டுக்குழு அதைச் சுருக்கியது. 1989 அக்டோபரில் நிறைவேறிய சட்டம், ஆபாசம் என நிதியம் கருதக்கூடியவற்றிற்கு, அவை இலக்கிய, கலை, அரசியல், அறிவியல் மதிப்பு அற்றனவாயின், பணம் தரலாகாது என்றது. இதனையொட்டி, நல்கை பெறுவோர் உறுதிமொழி அளிக்க வேண்டுமென நிதியம் விதித்தது. நடனக் கலைஞர் பெல்லா லெவிட்ஸ்கி அதை மறுத்து வழக்குத் தொடுத்தார். 1991இல் கலிபோர்னியாவின் நடுவண் மாவட்ட நீதிமன்றம், உறுதிமொழியின் வாசகம் தெளிவற்றது எனக் கூறி அதைச் செல்லாததாக்கியது.

இதற்கிடையே 1990 ஜூனில், வல்லுநர் குழு பரிந்துரைத்திருந்த கேரன் ஃபின்லி, ஜான் ஃப்ளெக், ஹாலி ஹியூஸ், டிம் மில்லர் என்னும் நான்கு நிகழ்த்துகலைஞர்களுக்கு நல்கை வழங்க நிதியத்தின் தலைவர் ஜான் ஃப்ரோன்மேயர் மறுத்தார். நால்வரும் நீதிமன்றம் சென்றனர்.

அவ்வாண்டு இறுதியில் காங்கிரசு தடைவிதியை மாற்றியமைத்தது. ஒன்று ஆபாசமா என்பதை முடிவு செய்யும் உரிமை நிதியத்திடமிருந்து நீதிமன்றத்திற்குச் சென்றது. விண்ணப்பங்களைப் பற்றிய விதியில் ஒரு புதிய தொடர் சேர்ந்தது. விண்ணப்பங்கள் கலைச்சிறப்பையும் கலைத்தகுதியையும் அளவுகோல்களாகக் கொண்டு மதிப்பிடப்படுவதைத் தலைவர் உறுதிப்படுத்த வேண்டும் என்று விதி கூறும். அதன் ஈற்றில் ‘டேக்கிங் இன்டு கன்சிடரேஷன்’ என்னும் எச்சத்துடன், கண்ணியத்தின் பொது அளவுகோல்களும் அமெரிக்க மக்களின் பல்வேறு நம்பிக்கைகள், விழுமியங்கள் ஆகியவற்றின்பால் கொள்ளும் மதிப்பும் இணைக்கப்பட்டன. ‘தரலாகாது’ என்னும் முற்றுவினை இருந்த சட்டத்தில் ‘கருத்திற்கொண்டு’ என்னும் எச்சவினை புகுந்தது.

5. நீதிமன்றத்தின் பொருள்கோள்

நால்வருக்கும் மறுக்கப்பட்ட தொகை 1993இல் உடன்பாட்டின்வழிக் கிடைத்தது. ஆயினும் புதிய தொடரை எதிர்த்த பகுதி நீடித்தது. 1992இல் மாவட்ட நீதிமன்றமும் 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கலைஞர் பக்கம் நின்றன. 1998 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் அத்தொடர் செல்லும் என்றது.

முதன்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர், அத்தொடர் கருதிப் பார்க்கச் சொல்கிறதேயன்றி எதனையும் விலக்கச் சொல்லவில்லை என்றார். அதன் சொற்கள் தெளிவற்றவை என்பதை அவர் மறுக்கவில்லை. அவை குற்றவியல் சட்டத்தில் இருந்திருப்பின் சிக்கலாகியிருக்கும். அரசு ஆள்வோனாக அன்றிப் புரவலனாகச் செயற்படுமிடத்து அத்தெளிவின்மை அவ்வளவு கடுமையான விளைவு உடையதன்று என்பது அவர் கருத்து. பிடிக்காத கருத்தைத் தண்டிக்கும் கருவியாக நல்கை பயன்படுமாயின் அது வேறு வழக்காகும் என்றும் அவர் குறித்தார்.

நீதிபதி ஆன்டனின் ஸ்கலியா முடிவை மட்டும் ஏற்றார். நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் அவருடன் இணைந்தார். அத்தொடர் கருத்துச் சார்பு உடையதே, ஆயினும் பணம் தருவோர்க்கு அவ்வாறு தெரிவு செய்யும் உரிமை உண்டு என்பது ஸ்கலியாவின் வாதம். மாறுபட்ட ஒரே நீதிபதியான டேவிட் சூட்டரும் அத்தொடரை அவ்வாறே படித்தார். ஆனால் அக்காரணத்தாலேயே அது செல்லாது என்றார். ஆக, சொல்லின் பொருளில் ஒன்றிய இருவர் முடிவில் முரண்பட்டனர். முடிவில் ஒன்றிய இருவர் பொருளில் முரண்பட்டனர்.

6. தமிழாக்கத்தில் எழும் சிக்கல்கள்

முதலாவது, வினைமுதல் பற்றியது. ஆங்கில எச்சத்திற்கு அத்தொடரில் வெளிப்படையான வினைமுதல் இல்லை. கருதுபவர் விண்ணப்பத்தை மதிப்பிடுவோரா, விதிகளை வகுக்கும் தலைவரா? பலதரப்பட்டவர்களைக் குழுவில் அமர்த்திவிட்டால் கருதியதாகிவிடும் என்று நிதியம் வாதிட்டது. ஒவ்வொரு விண்ணப்பத்தின்மீதும் கருத வேண்டும் என்று ஸ்கலியாவும் சூட்டரும் படித்தனர். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டு முடியும் என்பது தொல்காப்பிய விதி. எனவே ‘கருத்திற்கொண்டு’ என்றதும் தமிழ் வாசகர் கொள்பவர் யாரெனத் தேடுவார். ‘கருத்திற்கொண்டு மதிப்பிடப்படுவதை’ என எழுதினால் மதிப்பிடுவோர்மீதும், ‘கருத்திற்கொண்டு தலைவர் உறுதிப்படுத்துக’ என எழுதினால் தலைவர்மீதும் அது சாரும். ஓ’கானர் முடிவு செய்யாமல் விட்ட வினாவை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தாக வேண்டும்.

இரண்டாவது, ‘பொது அளவுகோல்கள்’ என்பது கண்ணியத்தை மட்டும் தழுவுமா, மதிப்பையும் தழுவுமா என்பது. ஆங்கிலம் இருவகைக்கும் இடந்தரும். தமிழில் ‘கண்ணியத்தின் பொது அளவுகோல்களையும் மதிப்பையும்’ என்றால் ஒன்று; ‘கண்ணியம், மதிப்பு ஆகியவற்றின் பொது அளவுகோல்களை’ என்றால் மற்றொன்று. இடைச்சொல் உம்மை இருபொருளை ஒருபொருளாக்கிவிடுகிறது.

மூன்றாவது, ‘டீசன்சி’ என்னும் சொல். இந்திய அரசமைப்பின் 19(2)ஆம் உறுப்பிலும் இச்சொல் ‘மொராலிட்டி’ என்பதன் அருகே நிற்கிறது. பின்னதற்கு ‘ஒழுக்கம்’ எனக் கொண்டால், முன்னதற்கும் அதையே வழங்க இயலாது. ‘கண்ணியம்’ தனிமனிதரின் பெருமையையும் குறிக்கும். ‘நாகரிகம்’ இன்று பண்பட்ட வாழ்க்கை முறையையும் சுட்டும். ஆனால் திருக்குறளின் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தில் அது பிறர்பால் காட்டும் பரிவைச் சார்ந்து நிற்கிறது. அதுபோலவே, ‘ஆபாசம்’ என்பதற்கு அமெரிக்கச் சட்டத்தில் 1973ஆம் ஆண்டு மில்லர் வழக்கு வகுத்த வரையறை உண்டு. ‘அநாகரிகம்’ அவ்வரையறைக்கு வெளியே நிற்பது. இரண்டையும் ஆபாசம் என்று எழுதும் பழக்கம், சட்டம் காக்கும் வெளிப்பாட்டையும் காக்காத வெளிப்பாட்டையும் ஒன்றாக்கிவிடும்.

7. முடிவுரை

தடைவிதி தான் விலக்குவதைப் பெயர் சொல்லி விலக்குகிறது. ஆகவே அதனை எதிர்த்து வாதிடலாம். லெவிட்ஸ்கி வென்றது அவ்வாறே. கருதச் சொல்லும் விதி எதனையும் பெயர் சொல்வதில்லை. மறுக்கப்பட்டவர் தாம் எதனால் மறுக்கப்பட்டோம் என்பதை அறிவதும் அரிது. 1999இல் நியூயார்க் மேயர் ரூடி ஜுலியானி, கிறிஸ் ஒஃபிலியின் கன்னி மரியாள் ஓவியத்தைக் கண்டித்துப் புரூக்ளின் அருங்காட்சியகத்திற்கு நகரம் அளித்துவந்த நிதியை நிறுத்த முற்பட்டபோது, நீதிமன்றம் உடனே தடுத்தது. அங்கே தண்டனை வெளிப்படையாக இருந்தது. எச்சவினையின் ஆற்றலோ வெளிப்படையின்மையில் உள்ளது. 2025இல் நிதியம் விண்ணப்பதாரரிடம் மீண்டும் ஓர் உறுதிமொழி கேட்டதும், அது ரோட் தீவு நடுவண் நீதிமன்றத்தில் வழக்கானதும், இச்சிக்கல் முடிந்துவிடவில்லை என்பதைக் காட்டுகின்றன.

சட்டத்தை மொழிபெயர்ப்போர் தெளிவை நாடுவது இயல்பு. ஆனால் மூலத்தின் தெளிவின்மையே அதன் சட்டப்பொருளாக அமையுமிடத்துத் தெளிவான பெயர்ப்பு ஒரு தீர்ப்பாகிவிடும். ஆங்கு இருவகைப் பொருளையும் அடிக்குறிப்பில் காட்டி, தாம் தெரிவு செய்தது இன்னதெனச் சொல்வதே மொழிபெயர்ப்பாளர்க்கு நேர்மையான வழியாகும்.