கிட்டார் சோலோ: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் விரல் வலி

கொல்கத்தாவில் எங்கள் அடுக்ககத்தில் கிட்டார் வகுப்புக்குப் போகாத பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஜி, சி, டி என்று ஆறு மாதம் கார்டு பிடிப்பார்கள் (அட்டை இல்லை, மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே வீச்சில் மீட்டுவது). அப்புறம் சோலோ எப்போது என்று கேட்பார்கள். இன்னும் ஒரு வருஷம் ஆகட்டும் என்று பதில் வரும். அந்த இடத்தில்தான் பாதிப் பேர் கழன்றுகொள்கிறார்கள். கிட்டார் அலமாரி மேல் ஏறிவிடும். வாங்கின விலையை நினைத்து அப்பாக்கள் மட்டும் அவ்வப்போது அண்ணாந்து பார்ப்போம்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகனும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான். கூடவே 46 வயதில் நானும் கற்றுக்கொள்கிறேன் (கிளையில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்). சரி, இந்த சோலோ என்ற சமாசாரம் எங்கிருந்து வந்தது, முதலில் வாசித்தவர்கள் எப்படிக் கற்றார்கள் என்று துழாவ ஆரம்பித்தேன். பி.காம். படித்தவனுக்கு எதையும் ஓப்பனிங் பேலன்ஸிலிருந்து பார்த்தால்தான் திருப்தி.

பாடகர் நிறுத்தியதும் கிட்டார் தனியாக, ஒவ்வொரு ஸ்வரமாகப் பேசுவதுதான் சோலோ. இது ஆரம்பத்தில் நடக்கிற காரியமாகவே இல்லை. காரணம் ரொம்ப சாதாரணம்: சத்தம் போதாது. 1920-களின் அமெரிக்க ஜாஸ் குழுக்களில் டிரம்பெட்டும் டிரம்ஸும் முழங்கும்போது கிட்டார்காரர் தாளத்துக்கு மீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இருந்தும் லானி ஜான்சன் என்பவர் 1927-ல் லூயி ஆம்ஸ்ட்ராங் குழுவோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் தனி வரிகள் வாசித்தார். அவரும் எடி லாங்கும் சேர்ந்து 1928, 29-ல் இரட்டைக் கிட்டார் இசைத்தட்டுகள் போட்டார்கள். ஜான்சன் கறுப்பர், லாங் வெள்ளையர். ஆகவே இசைத்தட்டில் லாங்கின் பெயர் ‘பிளைண்ட் வில்லி டன்’ என்று ஒரு கறுப்பர் பெயராக அச்சானது! அந்த நாட்டின் அப்போதைய லட்சணம் அது.

சத்தப் பிரச்சினையைத் தீர்த்தது மின்சாரம். கலிபோர்னியாவில் ஜார்ஜ் போஷாமும் அடால்ஃப் ரிக்கன்பாக்கரும் சேர்ந்து 1932-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின் கிட்டாருக்கு ‘வாணலி’ என்றே பட்டப்பெயர், பார்க்க அப்படித்தான் இருக்கும். அது நாம் நினைக்கிற கிட்டார் இல்லை, மடியில் படுக்கவைத்து, கம்பி மேல் உலோகத்துண்டை வழுக்கி வாசிக்கிற ஹவாயன் கிட்டார்.

இந்த இடத்தில் கொல்கத்தாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த ஊர்த் தண்ணீர் குடித்ததற்கு அர்த்தமில்லை. இங்கே பழைய தலைமுறைக்குக் கிட்டார் என்றாலே ஹவாயன் கிட்டார்தான். கவிஞர் நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தா அதில் பேர் வாங்கியவர். சுனில் கங்குலி (எழுத்தாளர் அல்ல, அவர் வேறு) சினிமாப் பாட்டுகளை அதில் வாசித்த இசைத்தட்டுகள் நாடு முழுக்க ஓடின. வார்த்தை இல்லாமல் பாடகரின் குரலை அப்படியே கம்பியில் கொண்டுவருவதுதான் இவர்கள் வழி. எங்கள் மாடி வீட்டு மாஷிமா ஒரு காலத்தில் ரவீந்திர சங்கீதம் இப்படி வாசித்தவர். என் மகன் தடவித் தடவி வாசிப்பதைக் கேட்டுவிட்டு, “வாயில் வராதது விரலில் வராது, முதலில் பாடு” என்றார்.

அமெரிக்காவுக்கே திரும்புவோம். 1936-ல் கிப்சன் நிறுவனம் இஎஸ்-150 என்ற மின் கிட்டாரைக் கொண்டுவந்தது. இது சாதாரணமாக நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து வாசிப்பது. அதை ஊரறியச் செய்தவர் ஓக்லஹோமா நகரில் வளர்ந்த சார்லி கிறிஸ்டியன். 1939-ல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்தபோது வயது 23. சாக்ஸபோன் போல நீள நீளமான வரிகளைக் கிட்டாரில் வாசித்தார். 1942-ல் காசநோயில் போய்விட்டார், 25 வயதில். கையில் இருந்தது மூன்றே வருஷம். பின்னால் வந்த ஜாஸ் கிட்டார்காரர்களில் அவருக்குக் கடன்படாதவர் அபூர்வம்.

இனிமேல்தான் எனக்குத் தேவையான ஆள் வருகிறார். இண்டியானாபொலிஸ் நகரத்து வெஸ் மான்ட்கோமரி. கல்யாணமானவர், வேலைக்குப் போகிறவர். இருபது வயதை ஒட்டி கிறிஸ்டியனின் ‘சோலோ ஃபிளைட்’ இசைத்தட்டைக் கேட்டுவிட்டு ஒரு மின் கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கினார். வாத்தியார் கிடையாது, நொட்டேஷன் படிக்கத் தெரியாது. இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, கிறிஸ்டியனின் சோலோக்களை ஸ்வரம் பிசகாமல் மனப்பாடம் செய்தார். அதை வைத்தே ஒரு கிளப்பில் வேலையும் கிடைத்தது. மேடையேறி அந்த சோலோக்களை வாசிப்பார், முடிந்ததும் வாசிக்க வேறொன்றும் இருக்காது! பிக் வைத்து வாசித்தால் அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருகிறார்கள் என்று கட்டைவிரலால் மெதுவாக வாசிக்க ஆரம்பித்தார். கடைசியில் அந்தக் கட்டைவிரல் நாதமே அவர் முத்திரையானது. அடுக்ககத்தில் குடியிருக்கிறவர்கள் கவனிக்கவும் :-)

இந்தக் கதையை மகனின் ஆசிரியரிடம் சொன்னேன். நல்ல மனிதர், யோசித்தார். கார்டு தெரியாமல் சோலோ மட்டும் வாசித்தால் தனியாகத்தான் வாசிக்க முடியும், நாலு பேரோடு சேர முடியாது என்றார். அதுவும் நியாயம்தான். வாரத்தில் ஒரு வகுப்பு கார்டு, ஒரு வகுப்பு சோலோ என்று முடிவாயிற்று. இதற்கு எதிர்வாதமாக பி.பி. கிங்கை வைத்திருந்தேன். தனக்குக் கார்டு சரியாக வராது என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மகா வித்வான் அவர். உறவினர் புக்கா வைட் கம்பி மேல் வழுக்கி வாசிக்கிற ஒலி தனக்குக் கைவரவில்லை என்று விரலை நடுங்கவைத்து அதைப் போலச் செய்துபார்த்தார். அந்த நடுக்கம்தான் இன்று உலகம் முழுக்க சோலோவின் உயிர். நம்மூர்க் காதுக்கு அது கமகத்தின் ஒன்றுவிட்ட தம்பி.

நமக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. ராக், ப்ளூஸ் கற்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது மைனர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர வரிசை. ஸ ரி க ம தெரிந்தவர்கள் பாடிப் பாருங்கள், நம்முடைய சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள்! மேஜர் பென்டடானிக் என்பது மோகனம். பிடிக்கிற விதம் வேறு, நடை வேறு, ராகபாவம் என்றெல்லாம் தேடக்கூடாது. ஆனால் பாட்டி மடியில் கேட்ட ஐந்து ஸ்வரங்களோடு தொடங்குகிறோம் என்றால் பாதி பயம் போய்விடுகிறது.

இசைத்தட்டு காலத்தில் வேகமான சோலோவை எப்படிப் பிடித்தார்கள்? 33 சுற்றுத் தட்டை 16-ல் ஓடவிடுவார்கள். வேகம் பாதியாகும், கூடவே சுருதியும் ஒரு ஸ்தாயி கீழே போகும். ஸ்வரப் பெயர் மாறாது, ஆகவே வேலை நடக்கும். இப்போது கணினியில் சுருதி மாறாமலே வேகத்தைக் குறைக்கலாம். எந்தக் கம்பியில் எந்தக் கட்டம் என்று எண் போட்டுக் காட்டும் டேப் தாள்களும் வலையில் கொட்டிக் கிடக்கின்றன (அதுவும் புதிதல்ல, லூட் வாத்தியத்துக்கு 1507-லேயே வெனிஸில் அச்சடித்தார்கள்). ஆனால் டேப் விரலுக்குத்தான் வழி சொல்லும். எங்கே மூச்சு விடுவது என்று சொல்லாது.

காப்பி அடிப்பது கேவலமா என்று மகன் கேட்டான். சக் பெரியின் ‘ஜானி பி. குட்’ (1958) தொடக்கத்தில் வரும் கிட்டார் வரி, 1946-ல் லூயி ஜோர்டான் பாட்டொன்றில் கார்ல் ஹோகன் வாசித்தது. 1977-ல் ஏவிய வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டில் சக் பெரியின் பாட்டு இருக்கிறது. ஆக ஹோகனின் வரி சூரிய மண்டலத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறது, ஹோகன் யார் என்றுதான் பலருக்குத் தெரியாது.

முதலில் எந்த சோலோ? எங்கள் தேர்வு நிர்வாணா குழுவின் 1991 பாட்டு, ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’. அதில் கர்ட் கோபேன், தான் பாடிய சரணத்தின் மெட்டையே ஏறக்குறைய அப்படியே சோலோவாக வாசித்துவிட்டார். மாஷிமாவின் கட்சி! பாடத் தெரிந்தால் பாதி வந்த மாதிரி.

மகனுக்கு மட்டும் ‘ஹோட்டல் கலிபோர்னியா’ மேல் கண். அதைத் தொடக்கூட இன்னும் நாளாகும், ஆனால் அதன் கதையைச் சொல்லி வைத்தேன். டான் ஃபெல்டர் அந்த மெட்டையும் கிட்டார் வரிகளையும் வீட்டில் ஒரு கேசட்டில் பதிவு செய்திருந்தார். பிறகு 1976-ல் மயாமி ஒலிப்பதிவுக்கூடத்தில் அவரும் ஜோ வால்ஷும் முடிவு சோலோவைப் புதிதாகக் கற்பனை செய்து வாசிக்கத் தொடங்க, டான் ஹென்லி நிறுத்திவிட்டார். கேசட்டில் இருப்பது போலவே வேண்டுமாம். ஃபெல்டருக்கோ தான் வாசித்தது மறந்துபோயிருந்தது. கலிபோர்னியாவில் வீட்டைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண்ணுக்குப் போன் போட்டு, கேசட்டைத் தேடச் சொல்லி, டேப் ரெக்கார்டரை ரிசீவர் பக்கத்தில் வைத்து ஓடவிடச் சொன்னார். மயாமியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, தன் சோலோவைத் தானே கேட்டுக் கற்றுக்கொண்டார்.