ஒற்றன் நாயகனான வரலாறு

ராயகிரியில் நம் வட்டத்தின் கூட்டம் தொடங்குமுன், வந்தமர்ந்த அன்பர்கள் திரைப்படம் பற்றி அளவளாவுவது வழக்கம். 2022ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் ‘விக்ரம்’ வெளிவந்ததை ஒட்டி அப்பேச்சு வழக்கத்தினும் நீண்டது. 1986இல் திரையில் தோன்றிய ஓர் உளவாளி, முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து அதே பெயரோடு, நரைத்த தாடியோடு மீண்டும் வந்தான். பாட்டனும் பெயரனும் ஒரே ஆர்வத்தோடு அவனைப் பார்த்தனர். “உளவுக் கதைக்கு இத்தனை ஈர்ப்பு எங்கிருந்து வந்தது?” என்று மூத்த அன்பர் ஒருவர் வினவினார். “ஜேம்ஸ்பாண்டிடமிருந்து” என்று உடனே விடை வந்தது. அவ்விடை பாதியே உண்மை என்பது என் கருத்து. மறுபாதியைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

பழந்தமிழில் ஒற்று

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘ஒற்றாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். ஐயம் எழாத கோலம், பார்ப்பவர் விழிக்கு அஞ்சாத நெஞ்சம், எந்நிலையிலும் வாய் திறவாத உறுதி ஆகியவை ஒற்றனுக்கு வேண்டும் என்பது அவர் கொள்கை. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாதவாறு அவர்களை ஆள வேண்டும் என்றும் அவர் கூறுவார். ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யலாகாது, செய்தால் மறைபொருள் தானே வெளிப்பட்டுவிடும் என்பதும் அவர் தரும் எச்சரிக்கை. இன்று திரையரங்கில் ஒற்றன் தோன்றியதும் சீழ்க்கையும் காகிதத் தூவலுமாக நாம் செய்யும் சிறப்பை அவர் கண்டால் என்ன சொல்வாரோ!

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் நயமானதொரு செய்தி உண்டு. செங்குட்டுவனின் வடபுலச் செலவை அங்குள்ள மன்னர்க்கு ஓலை விடுத்து அறிவிக்க வேண்டும் என்கிறான் வில்லவன் கோதை. அழும்பில் வேளோ, ஓலை வேண்டா, பிற நாட்டு மன்னர்களின் ஒற்றர்கள் நம் வஞ்சி வாயிலில்தான் இருக்கிறார்கள், நகரில் பறையறைந்தாலே செய்தி போய்ச் சேரும் என்கிறான். பகைவன் ஒற்றனையே தன் தூதனாக்கிக்கொள்ளும் இந்த மதிநுட்பத்தை, இன்றைய திரைக்கதை ஆசிரியர் எவரும் விரும்பி ஏற்பர்.

ஆயினும் கவிஞர்களாகிய நாம் மறக்கலாகாத நிகழ்ச்சி புறநானூற்றில் உள்ளது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்றன் என்று ஐயுற்றுக் கொல்லப் புகுந்தான் நெடுங்கிள்ளி. கோவூர் கிழார் இடைப்புகுந்து, பிறர்க்குத் தீங்கு அறியாதது புலவர் வாழ்க்கை என்று எடுத்துரைத்து அவ்வுயிரைக் காத்தார். புலவனும் ஊர் ஊராகச் செல்பவன். காண்பதை மனத்தில் கொள்பவன். ஓரிடத்துச் சொல்லை மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்பவன். வெளித்தோற்றத்தில் இருவரையும் பிரித்தறிதல் ஆட்சியாளர்க்கு அரிதாயிற்று.

அச்சம் தந்த மூன்றெழுத்து

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஐயம் வேறு வடிவில் திரும்பியது. 1908இல் பாரதியார் புதுவை சென்றார். வ.வே.சு. ஐயரும் அரவிந்தரும் 1910இல் அங்கு வந்து சேர்ந்தனர். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மணியாச்சியில், 1911 ஜூன் 17ஆம் நாள், செங்கோட்டை வாஞ்சிநாதன் ஆட்சியர் ஆஷ் துரையைச் சுட்டபின் ஆங்கில அரசின் கண்காணிப்பு மேலும் இறுகிற்று. புதுவையில் பாரதியாரின் வீட்டையும், அவரைக் காண வந்தவர்களையும் ஒற்றர்கள் பின்தொடர்ந்தனர். 1918 நவம்பரில் அவர் புதுவை எல்லையைக் கடந்ததும் கைதானார். விடுதலைக்குப் பின் அவர் வந்து தங்கிய கடையம், நம் ஊரைப் போலவே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. சி.ஐ.டி. என்ற மூன்றெழுத்து அந்நாளில் நம்மவர்க்கு வீரத்தின் பெயரன்று, அச்சத்தின் பெயர், வெறுப்பின் பெயர்.

1970இல் அதே மூன்றெழுத்து சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘சி.ஐ.டி. சங்கர்’ படத்தின் தலைப்பில் நாயகனின் பட்டமாக நின்றது. அதில் நடித்த சகுந்தலாவுக்கு ‘சி.ஐ.டி. சகுந்தலா’ என்பதே வாழ்நாள் பெயராயிற்று. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு தலைகீழானது எப்படி?

திரையில் நிகழ்ந்த மாற்றம்

நாடு விடுதலை பெற்றதே முதற்காரணம். அரசு நமதானபோது அதன் கண்களும் நமவாயின. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். வெளியிட்ட, பாடலே இல்லாத ‘அந்த நாள்’ இம்மாற்றத்தின் வாயிற்படி எனலாம். 1943இல் சென்னைமீது சப்பானியர் குண்டு வீசிய நாட்களை ஒட்டிய கதை அது. அதில் சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் பகைவர்க்கு உளவு சொல்லும் வானொலிப் பொறியாளன். அவன் குற்றவாளி, அக்கொலையின் உண்மையைத் துலக்கும் துப்பறியும் அதிகாரியோ மதிப்புக்குரியவர். அதே காலத்தில், 1950 முதல் 1954 வரை, ‘பொன்னியின் செல்வன்’ தொடரில் ஆழ்வார்க்கடியான் நம்பி என்னும் ஒற்றனைக் கல்கி வாசகரின் அன்புக்குரியவனாக்கினார்.

அதற்குப் பின்னரே ஜேம்ஸ்பாண்ட் வந்தான். போர்க்காலத்தில் ஆங்கிலக் கடற்படை உளவுத்துறையில் பணியாற்றிய இயான் ஃபிளெமிங், 1953இல் அவனை நாவலில் படைத்தார். 1962இல் ‘டாக்டர் நோ’ திரைக்கு வந்தது. பேரரசு ஒவ்வொரு நாடாக இழந்துகொண்டிருந்த ஆங்கிலேயர்க்கு, உலகைத் தனியொருவனாகக் காக்கும் தம்மவன் ஆறுதலாக இருந்தான். நமக்கு அவன் யார்? நம் பாட்டன்மாரை வேவு பார்த்த அதே முடியரசின் ஊழியன் அல்லனோ? ஆயினும் நாம் கைதட்டினோம். உதயப்பூரில் படமாக்கப்பட்டு 1983இல் வெளிவந்த ‘ஆக்டோபஸி’யில் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அவனுக்குத் துணைவராகவே நடித்தார். 2021இல் அவ்வரிசை இருபத்தைந்து படங்களை எட்டியது.

தமிழ்த்திரை அவனை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 1966இல் ‘வல்லவன் ஒருவன்’ வந்ததும் ஜெய்சங்கர் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ ஆனார். 1968இல் எம்.ஜி.ஆர். ‘ரகசிய போலீஸ் 115’ ஆனார். மணல் குவித்து அமர்ந்து பார்த்த கொட்டகைகளில், தாயையும் தங்கையையும் மறவாத உளவாளியே எடுபட்டான். 1986இல் சுஜாதாவின் கதையில் ‘விக்ரம்’ கணிப்பொறியையும் அக்கினிபுத்திரன் என்னும் ஏவுகணையையும் கொணர்ந்தது. இந்தியா தன் அக்னி ஏவுகணையை முதன்முதலாகச் சோதித்தது அதற்கு மூன்றாண்டுகள் பின்னர், 1989இல்.

ஈர்ப்பின் காரணம்

2022ஆம் ஆண்டுப் படத்தில் மக்கள் மிகுதியாகக் கொண்டாடியது நாயகனை மட்டுமன்று. வீட்டுவேலை செய்யும் எளிய பெண்ணாகத் தோன்றி, இறுதியில் தேர்ந்த உளவாளியாக வெளிப்படும் டீனா என்னும் பாத்திரத்தையும் கொண்டாடினர். வள்ளுவர் சொன்ன ஐயம் எழாத கோலம் இதுவே. எவரும் ஏறிட்டுப் பாராத ஒருவருக்குள் எவரும் அறியாத பெருமை இருக்கக்கூடும் என்பது, சிற்றூரில் வாழும் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மறைவாக நம்பும் செய்தி. உளவுக் கதையின் ஈர்ப்பு துப்பாக்கியில் இல்லை, அந்நம்பிக்கையில் இருக்கிறது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. 1986இன் விக்ரம் அரசை நம்பிப் பணிசெய்தான். 2022இன் விக்ரம் அரசால் கைவிடப்பட்டவன். அதிகாரத்தின் உள்ளேயே பகையைக் காண்பவன். விடுதலைக்குப்பின் நாம் ஒற்றனுக்கு அளித்த நம்பிக்கையில் ஒரு கீறல் விழுந்திருப்பதை இது காட்டுகிறது.

அக்கீறல் நல்லதே என்பேன். திரை எப்போதும் பார்ப்பவனின் கண்வழியாகவே கதை சொல்லும். பார்க்கப்படுபவனின் கண்வழியாகச் சொல்வது அரிது. நாம் சீழ்க்கை அடிக்கலாம், மகிழலாம், அதில் தவறில்லை. ஆனால் உறையூரில் கொலைவாளின் முன் நின்ற இளந்தத்தனும், புதுவைத் தெருவில் பின்தொடரப்பட்ட பாரதியும் நம் மரபினர். அவர்கள் பக்கத்துக் கதையை எழுதுதல் நம் கடன். பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் இளங்கவிஞர்கள் அதை எழுதட்டும். கோவூர் கிழார் ஒருவர் அன்று துணிந்து பேசியிராவிடில், இளந்தத்தன் ஒற்றன் என்ற பெயரோடே மாண்டிருப்பான்.