சட்டைப்பையில் ஒரு மரக்கட்டை

முதலாண்டு ஒர்க்‌ஷாப்பில் கார்ப்பென்டரி செக்‌ஷனில் நான் வாங்கிய மார்க்கை இங்கே சொல்லப் போவதில்லை. நான் அறுத்துச் சேர்த்த இரண்டு துண்டுகளுக்கும் நடுவே ஓர் எட்டணா நாணயம் தாராளமாக நுழையும். "எலக்ட்ரிகல் படிக்கிறவனுக்கு மரவேலை எதுக்குன்னு நெனைக்காதே தம்பி" என்பார் இன்ஸ்ட்ரக்டர் அய்யா. நாங்கள் அப்படித்தான் நினைத்தோம்.

மலர்க் குழுவினர் போன் செய்து, "சொந்தத் தொழில் தொடங்கின அனுபவத்தைப் பத்தி ஏதாச்சும் எழுதுங்க" என்று கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு மரக்கட்டைதான். என்னுடையது அல்ல, அமெரிக்காவில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பவர் 1994 வாக்கில் தம் வீட்டு கராஜில் அறுத்த கட்டை. இன்று அது கலிபோர்னியாவில் மௌண்டன் வியூவிலுள்ள கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'பாம் பைலட்' என்ற கையடக்கக் கருவி பிறந்த கதை அந்தக் கட்டையில் அடங்கியிருக்கிறது. அந்தக் கதையை நான் பத்து வருடம் முன்னால் முழுசாகப் படித்திருந்தால் ஒரு பெரியவரின் பி.எஃப். பணம் தப்பித்திருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹாக்கின்ஸும் நம்மைப் போல எலக்ட்ரிகல்தான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1989-ல் வந்த 'கிரிட்பேட்' என்ற பேனாக் கம்ப்யூட்டரை வடிவமைத்தவர் அவர். அது இரண்டு கிலோ கனம். கணக்கெடுப்பவர்களும் கிடங்கு வேலைக்காரர்களும் தூக்கித் திரியலாம், நம்மால் முடியாது. எல்லோர் கையிலும் இருக்கும்படி ஒன்று செய்ய வேண்டுமென்று 1992-ல் பாம் கம்ப்யூட்டிங் என்ற கம்பெனியை ஆரம்பித்தார்.

முதல் பொருள் 'ஜூமர்', 1993-ல் வந்தது. ஊர் கூடித் தேர் இழுக்கலாம். ஊர் கூடி டிசைன் போடக் கூடாது என்பதற்கு அது ஓர் உதாரணம். கருவியைச் செய்தது கேசியோ, கடையில் வைத்து விற்றது டேண்டி, ஆபரேட்டிங் சிஸ்டம் ஜியோவொர்க்ஸ், மேலே ஓடும் புரோகிராம்கள் பாம். ஆளுக்கொரு ஆசையைச் சேர்த்தார்கள். கனமாக, மந்தமாக, விலை கூடுதலாக ஒன்று வந்தது. வாங்க ஆளில்லை. அதே ஆண்டு ஆப்பிள் கம்பெனி 'நியூட்டன்' கருவியைச் சுமார் 700 டாலருக்கு வெளியிட்டது. எழுதினால் புரிந்துகொள்ளும் என்றார்கள். அது புரிந்துகொண்ட அழகைப் பத்திரிகை கார்ட்டூனிலேயே கேலி செய்தார்கள்.

மரக்கட்டைக் கதையைச் சொல்பவர்கள் அநேகமாக இந்த ஜூமர் பகுதியை விட்டுவிடுகிறார்கள். எனக்கோ இதுதான் முக்கியம். ஜூமர் படுத்த பிறகு பாம் கம்பெனியார் அதை வாங்கிய சிலரையே தேடிப் பிடித்து, "இதை வைத்து நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். 'என்ன பிடிக்கும்' என்பதல்ல கேள்வி, 'என்ன செய்கிறீர்கள்' என்பது. பதில்களிலிருந்து இரண்டு விஷயம் தெளிவாயிற்று. ஜனங்கள் இதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றாக நினைக்கவில்லை. மேஜை மேலிருக்கும் கம்ப்யூட்டரோடு இணைத்துக்கொள்ளத்தான் விரும்பினார்கள். இரண்டாவது, இந்தக் கருவிக்குப் போட்டி இன்னொரு கருவியல்ல, சட்டைப்பையிலிருக்கும் காகித டைரி. டைரியை எடுத்துப் புரட்ட எவ்வளவு நேரமாகுமோ அதைவிட அதிக நேரம் எடுத்தால் இந்த யந்திரம் செத்தது.

அதன் பிறகுதான் ஹாக்கின்ஸ் மரத்தை எடுத்தார். தம் சட்டைப்பையை அளந்து, அதில் நுழையும் அளவுக்கு ஒரு கட்டையை அறுத்தார். சாப்ஸ்டிக் எனப்படும் உணவுக் குச்சியைச் சீவிப் பேனாவாக்கினார். திரையும் பொத்தான்களும் வரைந்த காகிதத்தை மேலே ஒட்டிக்கொண்டார். அதை வைத்துக்கொண்டு ஆபீஸில் நடமாடினார். யாராவது "புதன்கிழமை ஃப்ரீயா?" என்று கேட்டால் பையிலிருந்து கட்டையை எடுத்து, குச்சியால் தட்டிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். பொத்தான் எத்தனை, எந்த இடத்தில் என்று காகிதத்தை மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! நம் ஊராக இருந்தால் வேப்பிலை அடிக்க ஆள் கூப்பிட்டிருப்பார்கள்.

ஆனால் அந்தக் கட்டை ஒரு கேள்விக்குப் பதில் சொன்னது: இதை நான் தினமும் தூக்கித் திரிவேனா, எடுத்தால் எதற்காக எடுப்பேன்? எடுத்ததெல்லாம் நாலே காரணத்துக்கு. இன்றைய வேலை நேரம், ஒருவரின் முகவரி, செய்யவேண்டியவற்றின் பட்டியல், ஒரு சின்னக் குறிப்பு. பின்னால் வந்த பைலட் கருவியின் அடிப்பகுதியிலிருந்த நான்கு பொத்தான்களும் இவைதான்.

கட்டையால் பதில் சொல்ல முடியாத கேள்வியும் ஒன்று இருந்தது. கையெழுத்து வேலை செய்யுமா? நியூட்டன் மண்ணைக் கவ்விய இடம் அது. ஹாக்கின்ஸ் பிரச்சினையைத் தலைகீழாகத் திருப்பினார். யந்திரம் மனிதனின் கிறுக்கலைக் கற்க வேண்டாம், மனிதன் கொஞ்சம் கற்றுக்கொள்ளட்டும். டைப்ரைட்டிங் பழகவில்லையா? ஓர் எழுத்துக்கு ஒரே கோடு. ஆங்கில 'ஏ'-வுக்கு நடுக்கோடு கிடையாது, கவிழ்த்துப் போட்ட 'வி' மாதிரி ஒரு கோடு. இதற்குக் 'கிராஃபிட்டி' என்று பெயர். ஜனங்கள் கற்றுக்கொள்வார்களா என்று தெரிந்துகொள்ள அவர்கள் சொந்தக் கருவி வரும்வரை காத்திருக்கவில்லை. 1994-ல் அதை நியூட்டனிலும் ஜூமரிலும் ஓடும் தனி சாஃப்ட்வேராக விற்றார்கள். அடுத்தவன் கருவியில் தன் சரக்கைச் சோதித்த சாமர்த்தியம்! வாங்கினார்கள், கற்றுக்கொண்டார்கள்.

ஆக, இரண்டு கேள்வி, இரண்டு தனிச் சோதனை. ஒன்றுக்கு மரம், ஒன்றுக்கு வெறும் சாஃப்ட்வேர். இரண்டையும் ஒரே கருவியில் சேர்த்துச் செய்து பார்த்திருந்தால் செலவு எங்கேயோ போயிருக்கும். தோற்றால் எதனால் தோற்றது என்றும் தெரிந்திருக்காது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பணம் போட ஆள் கிடைக்காமல் திண்டாடி, 1995-ல் கம்பெனியை யு.எஸ். ரோபோடிக்ஸுக்கு 4 கோடியே 40 லட்சம் டாலருக்கு விற்றார்கள். (டயல்-அப் மோடத்தின் கீச்சுக் குரலைக் கேட்டு வளர்ந்த சீனியர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும்.) 1996-ல் 'பைலட் 1000' வந்தது. விலை 299 டாலர், நினைவகம் 128 கிலோபைட். இன்றைய செல்போன் போட்டோ ஒன்றுகூட அதில் அடங்காது! இரண்டு சின்ன பேட்டரி, 160-க்கு 160 புள்ளித் திரை. கூடுதல் கார்டு செருக இடமில்லை, உள்ளே மோடம் இல்லை. தொட்டிலில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டரோடு விவரங்களை மாற்றிக்கொள்ளும். 18 மாதத்தில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. நியூட்டனை ஆப்பிள் 1998-ல் மூடியது. பாமும் நிலைக்கவில்லை என்பது வேறு விஷயம். கைமாறிக் கைமாறி 2010-ல் எச்.பி. வசம் போய் முடிந்தது.

இப்படிச் செய்து பார்ப்பதற்கு அப்போது பெயர் கிடையாது. 'மினிமம் வயபிள் ப்ராடக்ட்' என்ற பெயரை 2001-ல் ஃப்ராங்க் ராபின்சன் வைத்தார். எரிக் ரீஸ் 2011-ல் எழுதிய 'தி லீன் ஸ்டார்ட்டப்' நூலால் அது உலகமெல்லாம் பரவியது. ரீஸும் பட்டுத் தெளிந்தவர்தான். 2004-ல் ஐ.எம்.வி.யூ. என்ற கம்பெனியில் ஆறு மாதம் ராப்பகலாக எழுதிய சாஃப்ட்வேரை யாரும் தொடவில்லை. பொருளே இல்லாமல் 'டவுன்லோடு' என்று ஒரு பொத்தானை மட்டும் வைத்துப் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்குமே என்று பின்னால் வருந்தி எழுதினார்.

இனி எங்கள் கதை. 2014-ல் நம் கல்லூரிக்காரர்கள் மூன்று பேர், இரண்டு ட்ரிப்பிள்-ஈ, ஒரு இ.சி.இ., வேலையை விட்டுவிட்டு ஒரு கம்பெனி ஆரம்பித்தோம். வீட்டிலிருந்தபடியே செல்போனில் தோட்டத்து மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெட்டி. வோல்டேஜ் பதிவு, மண் ஈரம் அளக்கும் சென்சார், போனில் வண்ண வண்ணமாக வரைபடம் எல்லாம் உண்டு. ரீஸின் நூல் எங்கள் அலமாரியில்தான் இருந்தது. சர்வேகூட எடுத்தோம். நாற்பது விவசாயிகளிடம் போய், "இப்படி ஒண்ணு வந்தா வாங்குவீங்களா?" என்று கேட்டோம். முப்பத்தேழு பேர் "பேஷா வாங்கலாம்" என்றார்கள். வெயிலில் நோட்டும் கையுமாக வந்து நிற்கிற பையன்களிடம் நம் ஜனங்கள் வேறென்ன சொல்வார்கள்? மோரும் கொடுத்து "நல்லா வரும் தம்பி" என்று அனுப்பினார்கள். நாங்கள் அதை ஆர்டர் என்று எழுதிக்கொண்டோம்.

அதிகமாகப் போட்டால் போர்டு விலை குறையும் என்று 200 பெட்டிக்குப் பணம் கட்டினோம். எங்கள் சேமிப்பு போதாமல் நண்பனின் அப்பா, ரிடையரானபோது வந்த பி.எஃப். பணத்திலிருந்து ஆறு லட்சம் எடுத்துக் கொடுத்தார். இரண்டு வருடம் கழிந்து முதல் பெட்டியை என் தாய்மாமா தோட்டத்தில் மாட்டினோம். பத்து நாள் கழித்துப் போனால் பெட்டி அணைந்து கிடக்கிறது.

"ஏன் மாமா?"

"மாப்ளே, கரண்ட் வந்தா ஆட்டோ ஸ்டார்ட்டர்ல மோட்டார் தானா ஓடிடுது. மடை மாத்தத்தான் ஆளு வேணும். எப்படியும் நாந்தான் வயலுக்குப் போகணும். உன் போன் மடை மாத்துமா?"

பைக்கில் திரும்பி வரும்போது மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசி முயற்சியாக ஒன்று செய்தோம். மடை மாற்றப் போகிறவருக்கு, த்ரீ பேஸ் கரண்ட் வந்த செய்தி தெரிந்தால் உதவுமே என்று தோன்றியது. இந்தத் தடவை பெட்டி எதுவும் செய்யவில்லை. மாமா தோட்டத்து மோட்டார் ரூமில் ஒரு பையனை ஒரு மாதம் உட்கார வைத்தோம். கரண்ட் வந்ததும் பதினான்கு பேருக்கு அவன் போன் செய்து சொல்வான். பையன் சம்பளமும் போன் செலவுமாக ஐயாயிரத்துக்குள் முடிந்தது. மாதக் கடைசியில், "அடுத்த மாசத்திலிருந்து ஐம்பது ரூபாய்" என்றோம். சரி என்றவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் என் மாமா.

மறு மாதமே கம்பெனியை மூடினோம். மூவரும் வேலைக்குப் போய், நாலு வருடம் மாதா மாதம் கட்டி அந்த ஆறு லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அப்பா ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

நூற்றுச் சொச்சம் பெட்டிகள் இன்னும் எங்கள் வீட்டுப் பரண் மேல் இருக்கின்றன. ரிலே, கான்டாக்டர், ஜி.எஸ்.எம். மாட்யூல் எல்லாம் உள்ளே அப்படியே உள்ளன. பெரும்பாலானவை இப்போதும் வேலை செய்கின்றன. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வேண்டுமென்கிற மாணவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்து வைத்தால் ரீயூனியன் அன்று காரில் கொண்டு வருகிறேன். காசு வேண்டாம். சிம் கார்டு மட்டும் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.