கலயத்து அரிசியும் தெலுங்கு மண்ணும்

உலை வைக்க அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பது நெல்லைச் சபைகளில் அம்மாமார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த வழக்கம். கலயம் நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். கருப்பட்டி, முட்டை, முதல் காய் எல்லாம் காணிக்கையாக வந்து ஏலத்தில் காசாகும். இப்படிக் கொடுத்துப் பழகிய கைகளை நம்பித்தான், 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது.

அதுவரை நெல்லை, மிஷனெரிகளை வரவேற்ற சீமை. 1820இல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவருக்குப் பின்னும் பலர் கடல் கடந்து வந்தார்கள். நாமும் ஒருநாள் போகவேண்டும் என்ற எண்ணத்தை விதைத்தது யாழ்ப்பாணம். 1902இல் அங்கே சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, யாழ்ப்பாணக் கிறிஸ்தவர்கள் தாங்களே வெளியூருக்கு ஊழியரை அனுப்பித் தாங்குவதைக் கண்டார். வெள்ளாளன்விளை குருமனையில் பிறந்த அவருக்கு அது உறைத்தது. ஊர் திரும்பி மறுவருடமே சங்கம் பிறந்தது. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்கவேண்டும் என்பது அதன் உறுதி.

நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல் முதல் களமாயிற்று. சாமுவேல் பாக்கியநாதன் முதல் மிஷனெரியாகப் போனார். இந்தியர் இந்தியரிடம் போவதில் என்ன சிரமம் என்று தோன்றலாம். ஆனால் பேச்சு, எழுத்து, சாப்பாடு எல்லாமே வேறு. வெள்ளைக்கார ஐயர்மார் ஒரு காலத்தில் நம் ஊரில் 'அ, ஆ' எழுதிப் பழகியதுபோல நம்மவரும் தெலுங்கை அரிச்சுவடியிலிருந்தே படிக்கவேண்டியிருந்தது. 1909இல் அசரியாவே குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கலுக்குக் குடிபெயர்ந்தார். துணைவியார் அன்பு மரியம்மாளும் அவருடன் ஊழியத்தில் தோள்கொடுத்தார்.

1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா பேசினார். மேலைநாட்டு மிஷனெரிகளின் தியாகத்தை மனமார மெச்சினார்; அதோடு, இந்திய ஊழியரைச் சரிசமமாகப் பாவிக்கும் நட்பு இன்னும் வரவில்லையே என்றும் நேரே சொன்னார். சபையில் பலருக்கு அது கசந்தது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே.

எடின்பரோவில் பிறரிடம் கேட்டதைத் தோர்ணக்கலில் தாமே செய்துகாட்டவேண்டிய நிலை அவருக்கு. அங்கே வெளியூர்க்காரர் அவர்தானே! தீண்டாமையில் நசுங்கிக்கிடந்த மாலா, மாதிகா மக்கள் ஊர் ஊராகச் சபையில் சேர்ந்தபோது, அவர்களுக்குள்ளிருந்தே உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் குருமாரையும் எழுப்பினார். உபதேசியாருக்குப் பயிற்சி என்றால் மனைவிக்கும் சேர்த்தே பயிற்சி. ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேலேயே கைவைக்கச் சொல்வார். நற்செய்தியை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்ற பவுலின் வார்த்தையை அவர்கள் வாயாலேயே சொல்லவைப்பார். நேற்றுவரை ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் தலையில், அவருடைய கையாலேயே ஒரு பொறுப்பு ஏறும். அடுத்த ஊருக்கு நற்செய்தி பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள் வாய்வழியாகவே போயிற்று. நம்மவர் போட்டது முதல் தடம்.

1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டையான தோர்ணக்கல் பேராலயத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்த மண்ணுக்குரியதாகவே சபையை வளர்க்க அவர் விரும்பியது விளங்கும். இந்துக் கோயில் மண்டபத்தின் சாயலும் இசுலாமியக் கட்டடங்களின் குவிமாடமும் அதில் கலந்திருக்கின்றன. நெல்லையின் ஊசிக்கோபுரத்தை அசரியா அங்கே கொண்டுபோய் நடவில்லை.

1945 ஜனவரி 1 அன்று அவர் கண்மூடினார். தேரி மண்ணில் பிறந்தவரைத் தெலுங்கு மண், அந்தப் பேராலயத்தின் அருகிலேயே ஏற்றுக்கொண்டது. கலயத்து அரிசி போய்ச் சேர்ந்த இடத்தை அறிய விரும்பும் சபையார் அந்தக் கல்லறையை ஒருமுறை பார்த்துவரலாம்.