ஒரு உடம்பு, இரண்டு பதிவேடு: காசநோயும் எச்.ஐ.வி.யும் குறித்துச் சேலத்திலிருந்து

1

காசநோயின் வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1882இல் ராபர்ட் காக் கிருமியைக் கண்டறிந்தார். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, 1952இல் ஐசோனியசிட், 1960களில் ரிஃபாம்பிசின். இந்த வரிசையில் நோயாளி என்பவர் மருந்து வேலை செய்கிற ஒரு இடம், அவ்வளவே. எச்.ஐ.வி. வந்த பிறகுதான் இந்த எழுத்தில் விடுபட்டுப்போன ஒரு விஷயம் வெளியே தெரிந்தது. காசநோயை அடக்கி வைத்திருந்தது மருந்து மட்டுமல்ல. ஏழைகளின் உடம்பும் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது, கூலி இல்லாமல். அரசின் திட்டங்கள் அந்த உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கேட்காமலேயே தம் கணக்கில் வரவு வைத்துக்கொண்டிருந்தன. அந்தச் சக்தியைக் குலைக்கிற வைரஸ் வந்ததும் கணக்கு உதைத்தது.

இதைச் சேலத்திலிருந்து எழுதக் காரணம் உண்டு. ஒரு பக்கம் பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கொட்டகைகள். காற்றோட்டமில்லாத இடத்தில் பஞ்சுத் தூசியும் இருமலும். மறுபக்கம் நாமக்கல், சங்ககிரி லாரிகள். திருச்செங்கோட்டிலிருந்து நாடு முழுக்கப் போகிற போர்வெல் ரிக்குகள். நடுவில் சேலம். சேலத்துக்குள் ஃபேர்லேண்ட்ஸ். தனியார் ஆஸ்பத்திரிகளும் ஸ்கேன் சென்டர்களும் லேப்புகளும் நிறைந்த பகுதி. தறியிலிருந்தும் லாரியிலிருந்தும் இறங்கி வருகிற உடம்புகள் கடன் வாங்கிய பணத்தோடு முதலில் போய் நிற்பது பலசமயம் இங்கேதான். பணம் தீர்ந்ததும் பெரியாஸ்பத்திரிக்கு. இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரந்தான். அதைக் கடக்கப் பலருக்கு மாதக்கணக்கில் ஆனது.

2

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்திய முயற்சி. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த ஆய்வின் முடிவு 1959இல் வெளிவந்தது. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, சுத்தமான காற்று. வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசல், அரைவயிறு, வேலை. ஆனாலும் குணமான விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களுக்கும் அதுதான் நல்லது என்று ஆயிற்று.

இந்த முடிவின் விடுதலைத்தன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். படுக்கை கிடைக்காமல் வாசலில் காத்துக்கிடந்து சாவதிலிருந்து லட்சக்கணக்கானவர்களை அது காப்பாற்றியது. 1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் இதன்மேல்தான் நின்றது. உலகமே சென்னையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

ஆனால் ஒரு ஆய்வு சொல்வது வேறு, அரசு அதைக் காதில் வாங்குவது வேறு. 'மருந்து ஒழுங்காகக் கொடுத்தால் வீட்டிலேயே குணமாகும்' என்பதை அரசு 'சாப்பாட்டைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை' என்று கேட்டுக்கொண்டது. சானடோரியம் போனபோது அதோடு சேர்ந்து உணவும் சிகிச்சையின் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டது. அரைவயிற்றோடு குணமாகிக்காட்டிய அந்த உடம்பே திட்டத்தின் அஸ்திவாரமாயிற்று.

3

1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் நிர்மலா என்கிற மாணவி, சென்னை விஜிலன்ஸ் ஹோமில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து ரத்த மாதிரிகளை எடுத்தார். வேலூர் சி.எம்.சி.யில் நடந்த சோதனையில் ஆறு பேருக்கு எச்.ஐ.வி. தெரிந்தது. இந்தியாவில் முதன்முதலாக.

அந்த ஆய்வாளர்களின் உழைப்பு பெரிது. ஆனால் அரசு அந்தப் பெண்களை என்ன செய்தது? தண்டனைக் காலம் முடிந்தும் தொற்றுள்ளவர்கள் வெளியே விடப்படவில்லை. 1990இல் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகே விடுதலை. ஆக, இந்த நாட்டில் எச்.ஐ.வி. நோயாக அறியப்படுவதற்கு முன்பே குற்றமாக அறியப்பட்டது. காசநோயை வீட்டுக்கு அனுப்பிய அதே சென்னைதான் எச்.ஐ.வி.யைப் பூட்டி வைத்தது.

பூட்டு திறந்தபோது அதன் இடத்தில் ஒரு சொல் வந்தது: 'ஹைரிஸ்க் குரூப்'. பாலியல் தொழிலாளி, லாரி டிரைவர். 1994இல் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. லாரிப் பட்டறைகளிலும் நெடுஞ்சாலை ஓட்டல்களிலும் ஆணுறை, நாடகம், துண்டறிக்கை என்று வேலை நடந்தது. அது தேவையான வேலை. ஆனால் அந்தச் சொல்லின் நிழலில் நின்றவர்களை யாரும் எண்ணவில்லை. வீட்டைவிட்டு வெளியே போகாத மனைவி எந்தக் 'குரூப்'? 1998இல் தமிழ்நாட்டுப் பெண்கள் சிலர் பாசிடிவ் வுமன் நெட்வொர்க்கைத் தொடங்கியபோது கேட்டதும் இதைத்தான். அதன் நிறுவனர் பி. கௌசல்யா லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து அதன்வழி தொற்றுக்குள்ளானவர். தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் அதைச் சொன்னவர்.

4

இப்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். காசநோய்க் கிருமி உள்ளே போனவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. 2019-21இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் அந்தத் தொற்று உறங்கிக்கொண்டிருக்கிறது. அவர்களில் பத்தில் ஒருவருக்கு ஆயுளில் எப்போதாவது நோயாக மாறலாம். எச்.ஐ.வி. இருந்து சிகிச்சை இல்லாவிட்டால் அதே ஆபத்து ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் உண்டு. உலகெங்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் காசநோய்தான்.

இன்னொன்று. சளியில் கிருமி தெரிய வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டரில் சில ஆயிரங்களாவது இருக்க வேண்டும். நுரையீரலில் குழி விழுந்தால்தான் அவ்வளவு கிருமி சளியோடு வரும். அந்தக் குழியை உண்டாக்குவதோ கிருமி மட்டுமல்ல, அதோடு உடம்பு நடத்துகிற சண்டை. சண்டை போடச் சக்தியில்லாத உடம்பில் குழி விழாது. சளியில் கிருமி தெரியாது. எக்ஸ்ரேயிலும் நிழல் வழக்கமான இடத்தில் இருக்காது. நோய் நிணநீர்க் கட்டிக்கோ மூளை உறைக்கோ வயிற்றுக்கோ போய்விடும். திட்டம் நம்பியிருந்த மைக்ரோஸ்கோப்கூட நோயாளியின் எதிர்ப்புச் சக்தியைக் கடன் வாங்கித்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கடன் கொடுக்க ஆளில்லாதபோது அதற்குக் கண் தெரியவில்லை. 'நெகடிவ்' என்று எழுதி அனுப்பப்பட்டவர்கள் வீட்டில் போய்ச் செத்தார்கள்.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, நாமக்கல்லில் லாரி ஓட்டினார். 1998இல் இருமலும் காய்ச்சலும் எடை குறைவுமாக வந்தவரைக் கூட்டிக்கொண்டு நான் அலைந்தேன். சளி டெஸ்டில் ஒன்றுமில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், கேட்காமலேயே எச்.ஐ.வி. சோதனை செய்து, முடிவை அவரிடம் சொல்லாமல் வராந்தாவில் வைத்து என்னிடம் சொன்னார்கள். "பெட் இல்லீங்க, வேற எடம் பாத்துக்குங்க." ஃபைலின் மேல் சிவப்பு மையில் ஒரு வட்டம். அண்ணி ஒரே ஒரு விஷயந்தான் கேட்டார்: "வெளிய யாராச்சும் கேட்டா டிபின்னே சொல்லிருங்க தம்பி. அதுன்னா மாத்திரை சாப்ட்டா போயிருமுன்னு நெனச்சுக்குவாங்க." ஊரில் அப்படியே சொன்னோம். அது பொய்யும் இல்லை. நெஞ்சுக்கு வெளியே காசநோய் இருந்ததும் பிறகு தெரிந்தது. 2001இல் இறந்துபோனார்.

அண்ணியின் வார்த்தையில் ஒரு வரலாறு இருக்கிறது. எங்கள் பாட்டி காலத்தில் எலும்புருக்கி என்ற சொல்லையே வீட்டுக்குள் சொல்லமாட்டார்கள், 'நெஞ்சுச்சளி' என்பார்கள். சம்பந்தம் முறியும், பாத்திரம் தனியாகும். ஒரு தலைமுறைக்குள் அதே டிபி, வேறொன்றை மறைக்கிற கௌரவமான திரையாகிவிட்டது. ஒரு நோய்க்கு இழிவு குறைந்தது அறிவினால் மட்டுமல்ல, அதற்குக் கீழே இன்னொன்று வந்து சேர்ந்ததால்.

குடும்பம் இரண்டையும் ஒன்றாக்கி மறைத்தது. அரசு இரண்டாகப் பிரித்து எழுதியது. காசநோய்க்கு ஒரு பதிவேடு, எச்.ஐ.வி.க்கு இன்னொன்று. தனித்தனிக் கட்டடம், தனித்தனி நிதி, தனித்தனி அதிகாரி. இரு திட்டங்களும் சேர்ந்து வேலை செய்வது 2001இல்தான், தொற்று அதிகமுள்ள ஆறு மாநிலங்களில், தொடங்கியது. தனியார் பக்கம் பதிவேடே இல்லை, பில் மட்டும். 1991இல் வெளியான ஒரு ஆய்வில் பம்பாய் தாராவியின் 100 தனியார் மருத்துவர்கள் காசநோய்க்கு 80 விதமான மருந்துச் சீட்டுகளை எழுதினார்கள். ஃபேர்லேண்ட்ஸோ தாராவியோ, தனியார் டாக்டர் காசநோயாளியை அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்ற உத்தரவு 2012இல்தான் வந்தது.

இந்தப் பிரிவினைக்கு விதிவிலக்காக இருந்தது தாம்பரம். 1928இல் சவுரி முத்து தொடங்கிய காசநோய் சானடோரியம் அது. எச்.ஐ.வி. என்றாலே கதவடைத்த காலத்தில், 1993 முதல் அது அவர்களை உள்ளே எடுத்தது. நாமக்கல்லிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் பஸ்ஸிலும் ரயிலிலும் அங்கே போனார்கள். கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. 1959 ஆய்வுக்குப் பிறகு தேவையற்றதாகக் கருதப்பட்ட சானடோரியம், மருந்தும் வீடும் கைவிட்டவர்களுக்கு மறுபடி தேவைப்பட்டது.

5

மருந்துக் கணக்கிலும் இதே கதை. தினமும் மாத்திரை கொடுத்து மேற்பார்வை செய்ய ஆள் போதாது. எனவே வாரம் சில நாள் கொடுத்தால் போதுமா என்று 1960களில் சென்னை மையம் பரிசோதித்தது. போதும் என்றது முடிவு. 1997இல் விரிவாக்கப்பட்ட திருத்திய தேசியத் திட்டம் வாரம் மூன்று நாள் முறையை எடுத்துக்கொண்டது. மாத்திரை இல்லாத நான்கு நாட்களில் கிருமியைப் பிடித்து வைத்திருப்பது யார்? உடம்பு.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தினசரி மருந்துதான் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் சொன்னது. இங்கே வாரம் மூன்று நாளே தொடர்ந்தது. அதே சென்னை மையம் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) தமிழ்நாட்டில் 331 பேரிடம் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. தினசரி மருந்தில் நல்ல பலன் 91 சதவீதம், வாரம் மூன்று நாளில் 77. நான்கு பேருக்கு ரிஃபாம்பிசினுக்கே எதிர்ப்பு உருவாகியிருந்தது; நால்வரும் வாரம் மூன்று நாள் பிரிவில். தினசரிப் பிரிவில் ஒருவரும் இல்லை. இதற்குள் 2017 ஜனவரியில் உச்சநீதிமன்றம் வரை வழக்கு போய், ஒன்பது மாதத்தில் எல்லா நோயாளிகளுக்கும் தினசரி மருந்து என்று அரசு ஒத்துக்கொண்டிருந்தது.

ஒரு நிறுவனம் தன் முன்னோர்களின் முடிவைத் தானே சோதித்துத் திருத்தியது என்பது அறிவியலின் நேர்மை. அதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. 2010க்கும் 2017க்கும் இடைப்பட்ட ஆண்டுகளை யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் என் கேள்வி.

6

இன்றைக்கு நிலைமை அப்படியே இல்லை. எச்.ஐ.வி. தெரிந்தவுடனே மருந்து என்பது 2017 முதல் நடைமுறை. ஒப்புதல் இல்லாமல் சோதிப்பதும் முடிவை வெளியிடுவதும் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. சளியில் கிருமியின் மரபணுவையே தேடுகிற கருவிகள் வந்துவிட்டன. 2022இல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் நோயாளியின் எடையையும், எழுந்து நிற்க முடிகிறதா என்பதையும் முதல் நாளே பார்க்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு உடம்பு பதிவேட்டுக்குள் வருகிறது.

உணவும் திரும்பி வருகிறது. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பங்களுக்கு உணவுப்பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018இல் தொடங்கிய உதவித்தொகை 2024 நவம்பரில் 1000 ஆனது. தறிக் கொட்டகையில் ஒரு ஆள் ஆறு மாதம் வேலைக்குப் போகாமலிருந்தால் அந்த வீடு என்ன தின்னும் என்பதற்கு இது பதிலல்ல. கேள்வி இருக்கிறது என்பதன் ஒப்புதல்.

இயக்கங்களில் இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. உரிமைகள் பற்றிப் பேசும்போது சோதனை, ரகசியம், மருந்து என்று நிறுத்திவிடுகிறோம். காசநோய் பற்றிப் பேசும்போது மருந்துத் தட்டுப்பாட்டோடு முடித்துக்கொள்கிறோம். நாமும் இரண்டு பதிவேடுதான் வைத்திருக்கிறோம். பசியையும் தறிக் கொட்டகையின் காற்றையும் லாரி டிரைவரின் தூக்கமற்ற ராத்திரியையும் மனைவியின் வாய்மூடலையும் எழுதுகிற மூன்றாவது பதிவேடு எந்த அலுவலகத்திலும் இல்லை. அதைக் கேட்டு வாங்குகிற வேலை நம்முடையது. அது வரும்வரை, அடுத்த திட்டமும் ஏழையின் உடம்பைச் சம்பளமில்லாத ஊழியராகத்தான் வைத்துக்கொள்ளும்.